ஆயுள் என்றொரு கட்டம்

...முப்பதாம், யார் சொன்னது முப்பது என்று, எந்த மகராசன் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கட்டத்தில் அடித்தானோ, 'நோயாளியின் சராசரி ஆயுள்: 30', மடியில் லேப்டாப், எதிரே கட்டிலில் என் மகள், பதினான்கு வயது, கையில் ஊசி, மேலே ரத்தப் பையில் கால்வாசிதான் மிச்சம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதே வார்டு, இதே கால் ஆடும் நாற்காலி... ஐந்து மணிக்குள் கணக்கு போய்ச் சேர வேண்டும். சுகாதாரத் துறையில் புள்ளிவிவர வேலை எனக்கு. கல்லூரியில் சேரும் பிள்ளைகளின் ரத்தத்தில் தலசீமியா, இவளுக்கிருக்கும் இதே பரம்பரை ரத்தநோய், ஒளிந்திருக்கிறதா என்று இலவசமாகப் பரிசோதித்தால் அரசுக்கு லாபமா நஷ்டமா என்று காட்ட வேண்டும், ஒரு பக்கம் பரிசோதனைச் செலவு, மறுபக்கம் பிறக்காமல் போகும் பிள்ளைகளுக்கு ஆகாமல் போகும் வைத்தியச் செலவு, அதற்குப் பெயர் சேமிப்பு. இப்போதைக்கு நஷ்டம்தான் காட்டுகிறது, இப்படியே போனால் நிதித்துறை ஒரே வரியில் ஊற்றி மூடிவிடும்.

மூட விடுவதா? கல்யாணத்துக்கு முன்னால் எங்களுக்கு யாராவது துளி ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால்... அவரும் நானும் குண்டுக்கல் மாதிரி இருந்தோம், இரண்டு பேரிடமும் ஒளிந்திருந்தது சேர்ந்து இவளிடம் வந்து உட்கார்ந்துகொண்டது, தெரிந்திருந்தால் அவரைக் கட்டியிருப்பேனா, கட்டியிருந்தாலும் இவளை... சீ, என்ன நினைப்பு இது. "என்னம்மா, தனியா பேசிக்கிற?" என்கிறாள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு டெஸ்ட் என்று வாயை விட்டுவிட்டேன். "எனக்கெதுக்கும்மா டெஸ்ட்டு, நானே ரிசல்ட்டுதான!" என்று அவள் சிரிக்க, அந்தப் பக்கம் போன நர்ஸும் சிரிக்க, நானும் சிரித்து வைக்கிறேன்.

"மேடம், முடிஞ்சுதா?" போனில் அதிகாரி. "பத்து நிமிஷம் சார்." பத்து நிமிடத்தில் நான் என்னத்தைக் கிழித்துவிட முடியும், முப்பது என்றால் இவளுக்கு இன்னும் பதினாறு வருஷம், அதை மட்டும் விடமாட்டேன், அழித்தேன், அறுபது என்று அடித்தேன், வாழட்டும், என் பிள்ளையும் ஊரார் பிள்ளைகளும் பல் விழுந்து கிழவியாகும்வரை வாழட்டும்... கீழே சிவப்பாக இருந்த எண் பச்சையாகிவிட்டது. லாபம். திட்டம் பிழைத்துவிடும், அதிகாரி வாயெல்லாம் பல்லாக நிற்பார். இவள் எத்தனை வருஷம் கூடுதலாக வாழ்கிறாளோ, இவள் பிறக்காமலிருந்தால் அத்தனை வருஷ வைத்தியச் செலவும் சேமிப்பு. நான்தான் அடித்தேன், என் விரலால்தான். அதே விரல் திரும்ப முப்பது என்று அடிக்குமா?

"அம்மா, பை காலியாயிடுச்சு, நர்ஸக் கூப்பிடு," என்கிறாள்.