அண்ணன் கண்ணுக்கு ஒரு வரைபடம்

நகரத்தில் தனியாக வசிப்பவர்கள் எந்தெந்தப் பகுதியில் அதிகம் என்று காட்டும் வரைபடத்தை அவள் தயாரித்துக்கொண்டிருந்தாள். நகராட்சியில் புள்ளிவிவர வேலை. பிரிவில் மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்ததால், அந்த நீண்ட அறையில் அவளும் இரைகிற ஏசியும்தான்.

குறைவுக்குப் பச்சை, அதிகத்துக்குச் சிவப்பு என்று கணினி நிரலில் ஒரு வரி எழுதினாள். படம் பளிச்சென்று வந்தது. யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. அம்மா போன பிறகு பேச்சுக் குறைந்துபோன அண்ணனுக்கு அனுப்பினாள்.

உடனே போன் வந்தது.

“என்ன பாப்பா, எல்லா இடமும் ஒரே மண் கலரா இருக்கு?”

“விளையாடாதண்ணா. ஆத்துக்கு அந்தப் பக்கம் பூரா சிவப்பு தெரியலையா?”

“தெரியலம்மா.”

பிறகு அவனே சொன்னான்.

“பச்சையும் சிவப்பும் எனக்குப் பிரிஞ்சு தெரியாது. ரயில் ஓட்டுற வேலைக்குப் போனேன்ல, அங்க கண்ணு டெஸ்ட்ல சொல்லிட்டாங்க.”

“பரீட்சையில பெயிலுன்னுதானே வீட்ல சொன்ன?”

“அப்பா திட்டுனா ஒரு வாரத்துல ஓஞ்சிடுவாரு. கண்ணுல கோளாறுன்னா அம்மா ஆயுசுக்கும் அழுதிருப்பா.”

ஒரே வீட்டில் வளர்ந்தும் அவளுக்குத் தெரியாமல் போயிற்றே.

மதியம் முழுக்க நிறங்களை மாற்றி மாற்றி அனுப்பினாள். நீலமும் ஊதாவும் கலந்தால், “ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றான். கடைசியில் வெளிர் மஞ்சளில் தொடங்கி, படிப்படியாக அடர்ந்து, கருநீலத்தில் முடியும் வரிசையைப் போட்டாள். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தபோதும் ஒவ்வொரு படியும் தனியாகத் தெரிந்தது.

“இப்பப் பளிச்சுனு இருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கந்தான் ரொம்ப இருட்டு. அங்கதானே உன் ரூம்?”

“ஆமா.”

அவன் ஏதோ கேட்க வந்து நிறுத்தினான்.

“சாப்டியா?” என்றான்.

“ம்.”

மறுநாள் மேலாளர் படத்தை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு அண்ணனைக் கூப்பிட ஒரு சாக்கும் இல்லை. அவனும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில், முடிந்துபோன படத்தைத் திறந்து மஞ்சளை மட்டும் ஒரு சாயல் வெளிறச் செய்து அனுப்பினாள்.

“இது இன்னும் நல்லாத் தெரியுதா?”

மாலையில் பதில் வந்தது: “முன்னாடி அனுப்புனதே நல்லாத்தாம்மா இருந்துச்சு.”

‘சரிண்ணா’ என்று அடித்து அனுப்பினாள். ஏசியை நிறுத்தினாள். அறை சட்டென்று நிசப்தமானது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.