முட்டுச்சந்தில் இரண்டு கார்

மேனாம்பேட்டில் அந்த முட்டுச்சந்துக்குள் ஜெகதாம்பாளுக்குத் தெரியாமல் ஒரு பால் பாக்கெட்கூட உடைபட்டதில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அவள் ஒரே புடவையை மூன்று முறை உதறிக் காயப்போடுகிறாள் என்றால், புடவையில் ஒன்றும் இல்லை, எதிர் வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வெங்கட்டும் ரேவதியும் எதிர் வீட்டுக்குக் குடிவந்த பிறகு, அவள் டிவி சீரியல் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

வெங்கட்டுக்குச் சங்கரன்கோயில் பக்கம். ஆவடியில் பீரங்கி வண்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை, அதிலும் கியர்பாக்ஸ் பிரிவு. மலை மாதிரி நிற்கிற வண்டிக்குக் கியர் மாட்டி அனுப்புகிற மனுஷன். குவார்ட்டர்ஸைவிட்டு இங்கே வந்ததும் ஆசை ஆசையாக ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினான், வெள்ளை நிறம். தினமும் காலையில் துடைப்பான், ஸ்டார்ட் செய்வான், கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பான், உறை போட்டு மூடுவான், பிறகு நடந்து போய் கம்பெனி பஸ் ஏறுவான். காரணம் ஒன்றுதான். சந்து முட்டுச்சந்து. உள்ளே வந்த வண்டி பின்னாலேயே வெளியே போக வேண்டும். வெங்கட்டுக்கு ரிவர்ஸ் என்றால் உள்ளங்கை வேர்த்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெகதாம்பாளின் புருஷன் கஜபதிதான் அந்தக் காரைப் பின்னால் எடுத்துப் பெரிய தெருவில் விட்டுத் தருவார். கஜபதி கால் டாக்ஸி ஓட்டுகிறவர். "பீரங்கி செய்றவருக்கு பின்னால போவத் தெரியாது மாமே. பீரங்கின்னா முன்னாலதான போவணும்?" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பேச்சு வெங்கட் காதுக்கும் போயிருந்தது. யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று ஜெகதாம்பாளைக் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

அந்த கஜபதிக்குத்தான் ஆயுத பூஜையன்று அப்படி ஆயிற்று. பூஜைக்கு இடைஞ்சல் இருக்கக்கூடாது என்று தன் டாக்ஸியைச் சந்தின் கடைசிவரை கொண்டுபோய் நிறுத்தி, வெங்கட்டின் காரை அதற்குப் பின்னால் அவன் வீட்டு வாசலில் விட்டு, இரண்டையும் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் ஒன்றைக் கட்டியும் விட்டார். டாக்ஸியைச் சுற்றித் திருஷ்டிப் பூசணிக்காயை ஓங்கி உடைத்தார். உடைத்த கையோடு திரும்பி நடந்தவர் அந்தப் பூசணிக்காயிலேயே வழுக்கி விழுந்தார். காரின் திருஷ்டி கழிந்தது. கஜபதிக்குக் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை மாவுக்கட்டு. அன்றிலிருந்து இரண்டு காரும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

இதற்கு நடுவில் ஜெகதாம்பாள் வேறொன்றை மோப்பம் பிடித்திருந்தாள். வெங்கட் பஸ் ஏறிப் போனதும் ரேவதியும் எங்கோ கிளம்புகிறாள். காலில் செருப்பு இல்லை, கேன்வாஸ் ஷூ. "இன்னா ரேவதி, காலங்காத்தால எங்க போய்கினு கீற?" என்று கேட்டால், "சும்மா கோயிலுக்குத்தான்க்கா, போயிட்டு வாரேன்" என்பாள். ஷூ போட்டுக்கொண்டு எந்தக் கோயிலுக்கு? திரும்பி வரும்போது நெற்றியில் விபூதி இல்லை, ஆனால் ரவிக்கை முதுகு தெப்பலாக நனைந்திருக்கும். ஒரு நாள் வந்து தைலம் கேட்டாள், இடது கால் ஆடுசதை வலிக்கிறதாம். இடது கால் மட்டும்!

முடிச்சை அவிழ்த்தவள் வெள்ளானூரில் இருக்கும் நாத்தனார் குப்பம்மா. ஒரு நாள் போன் செய்து, "அண்ணி, உங்க எதிர் ஊட்டுப் பொண்ணு இங்க வந்துகினு போவுது. மனை போட்டு வெச்சிருக்காங்களே, ஆளில்லாத ரோடு, அங்க. பழைய காரு ஒண்ணு. பக்கத்துல கூலிங் கிளாஸ் போட்ட ஆம்பளை" என்றாள்.

ஜெகதாம்பாள் அந்தச் செய்தியை யாரிடமும் சொல்லவில்லை. நல்ல பழத்தை அரிசிப் பானைக்குள் வைப்பதுபோல் வைத்திருந்தாள். இன்னும் ஒரு வாரம் பழுக்கட்டும், பிறகு மாடி வீட்டு ஷர்மிளாவிடம் முதல் துண்டு நறுக்கிக் கொடுக்கலாம் என்று இருந்தாள்.

அதற்குள் மழை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் ஏரி நிரம்பிவிட்டது, உபரி நீர் வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வீட்டுச் சாமானைப் பரண்மேல் ஏற்றுவதற்கு முன்பே காரை மேம்பாலத்தில் ஏற்றிவிடுவார்கள். பெரிய தெரு வழியாக ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் பாலத்தைப் பார்த்துப் போக ஆரம்பித்தன. வேறு நாளில் அபராதம் போடுகிற போலீஸ்காரர்கூட அன்றைக்குக் கையைக் காட்டி ஒழுங்காக நிறுத்தச் சொல்வார்.

கஜபதி ஜன்னலோரம் கட்டுக்காலை நீட்டிக்கொண்டு டாக்ஸியையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தைய வெள்ளத்தில் அவருடைய பழைய வண்டி முழுகியது. மெக்கானிக் இன்ஜினைத் திறந்தபோது உள்ளேயிருந்து சேறும் ஒரு கெண்டைக் குஞ்சும் வந்தன. அதன்பிறகு எத்தனையோ காலம் அடுத்தவன் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகக் கைகட்டி நின்று, இப்போதுதான் மறுபடி சொந்த வண்டி. இதுவும் போனால் மனுஷன் எழுந்திருக்க மாட்டார் என்று ஜெகதாம்பாளுக்குத் தெரியும். தன்னைக்கூட அவர் அந்த வண்டியைத் துடைப்பதுபோல் தொட்டதில்லை என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறவள்தான். ஆனால் அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"தோஸ்துங்களுக்குப் போன் போட்டியா?"

"போட்டேன். அவனவன் வண்டிய அவனவன் ஏத்திகினு கீறான். எவன் வருவான்?" என்றார் கஜபதி. "வந்தாலும் இன்னா? வாசல்ல வெள்ளக்காரு நிக்குதே. அது நவுந்தாத்தான இது வரும்."

வெங்கட்டுக்குப் போன் போட்டுப் பயனில்லை. தொழிற்சாலைக்குள் செல்போன் எடுத்துப் போக விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஜெகதாம்பாள் மாடியைப் பார்த்துக் கத்தினாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஸ்ரீநாத் எட்டிப் பார்த்தான்.

"எனக்கு ஆட்டோமேட்டிக்தான் ஆன்ட்டி வரும். கியர் வண்டி பழக்கம் இல்ல."

"உனக்கு சோறாவது கையால சாப்பிட வருமா, நைனா?" என்று கேட்டுவிட்டு, அவள் எதிர் வீட்டுக்கு ஓடினாள். சாவியையாவது வாங்கி வைப்போம், யாராவது கிடைப்பார்கள்.

ரேவதி ஏற்கெனவே வாசலில் இருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் சாவி, காலில் அந்த ஷூ. வெள்ளைக் காரின் உறையை உருவிச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சாவிய குடு ரேவதி. யாரனா டிரைவர் வந்தா..."

"நகருங்கக்கா."

"எங்கமே ஏர்ற? அது டிரைவர் சீட்டு."

"ஆமாக்கா" என்றாள் ரேவதி, உள்ளே உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டே.

சந்தின் ஒரு பக்கம் மூடியில்லாத மழைநீர்க் கால்வாய். இன்னொரு பக்கம் மதில்சுவர், அதை ஒட்டி ஈபி கம்பம். கஜபதியே அங்கே வந்தால் காரில் ஓடுகிற பாட்டை நிறுத்திவிட்டுத்தான் எடுப்பார். ரேவதி கண்ணாடியைச் சரிசெய்தாள், திரும்பி ஒரு தரம் பார்த்தாள். கார் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. மாடியில் ஷர்மிளா போனைத் தூக்கிப் படம் பிடித்தாள். ஸ்ரீநாத், "லெஃப்ட், லெஃப்ட்! இல்ல, உங்க ரைட்!" என்று கத்தினான். ஜன்னலிலிருந்து கஜபதி, "ஸ்டீரிங்க ஒடி! ஒடி! ஒடிச்சு உடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

கார் நின்றது. ரேவதி தலையை வெளியே நீட்டினாள்.

"அண்ணே, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் சொன்னா எனக்கு மண்டை காயுது. செத்த சும்மா இருங்க."

கஜபதியை ஸ்டீரிங் விஷயத்தில் சும்மா இருக்கச் சொன்ன முதல் ஆள் அவள்தான். மனுஷன் வாயை மூடிக்கொண்டார். ஈபி கம்பத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை இடம் விட்டு, அந்தக் கார் நழுவிப் பெரிய தெருவில் போய் நேராக நின்றது. பிறகு முன்னால் போய் மறைந்தது.

அவள் திரும்பி வருவதற்குள் ஜெகதாம்பாளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தண்ணீர் சந்து வாய்க்கு வந்து, பிறகு உள்ளே வந்து, டாக்ஸியின் டயரை நக்க ஆரம்பித்தது. பாலத்தில் காரை விட்டுவிட்டுத் தண்ணீரில் நடந்தே வந்தாள் ரேவதி. முழங்காலுக்குக் கீழே புடவை சேறு.

கஜபதி டாக்ஸிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை அவர் ஜெகதாம்பாளிடம்கூடக் கொடுத்ததில்லை. ரேவதி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியபடி நின்றாள். அவர் பார்த்தார். கொடுத்தார்.

"தண்ணிக்குள்ள ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுக்காதம்மா. எடுத்தா சைலன்சர்ல தண்ணி பூந்துடும்."

"தெரியும்ண்ணே. மாஸ்டர் சொல்லியிருக்கார்."

"எந்த மாஸ்டரு?" என்றாள் ஜெகதாம்பாள். அந்த நேரத்திலும் கேட்டாள். கேட்டுக்கொண்டே முன் சீட்டில் ஏறியும் உட்கார்ந்துவிட்டாள், முழுகினால் சேர்ந்தே முழுகலாம் என்று.

டாக்ஸி வெள்ளைக் காரைவிட நீளம். உறுமிக்கொண்டே பின்னால் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் விலகிச் சுவரில் மோதியது. கால்வாய் எது, ரோடு எது என்று தெரியவில்லை. ரேவதி சுவரை மட்டும் பார்த்து எடுத்தாள். அவளுடைய இடது கால் கிளட்சின்மேல் நடுங்காமல் நிற்பதை ஜெகதாம்பாள் பார்த்தாள். தான் தைலம் கொடுத்த கால்!

பெரிய தெருவுக்கு வந்ததும் ஜன்னலிலிருந்து கஜபதியின் குரல் கேட்டது. "கிளட்ச் வாசனையே வரலையே, தாயீ!" அந்த ஆள் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பாலத்தின்மேல் டாக்ஸியை நிறுத்திய பிறகுதான் ரேவதி ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தாள். ஜெகதாம்பாள் கேட்டதற்கு அப்போதுதான் பதில் சொன்னாள்.

"வேம்புலி மாஸ்டர்க்கா. ரிட்டையர்டு பஸ் டிரைவர். வெள்ளானூர்ல ஆளில்லாத ரோட்டுல சொல்லித் தந்தார். லைசென்ஸ்கூட வந்துருச்சு."

"கூலிங் கிளாஸ் போடுவாரா?" என்றாள் ஜெகதாம்பாள், குரல் இறங்கி.

"கண் ஆபரேஷன் பண்ணியிருக்கார்லா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜெகதாம்பாள் பாலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். அரிசிப் பானையில் பழுக்க வைத்த பழம் அப்படியே அழுகிப்போயிருந்தது.

"ஒரு உதவிக்கா. அவுகளுக்குச் சொல்லிராதீங்க. முதல்ல தான்தான் ஓட்டணும்னு ஆசைப்பட்டு வாங்கின வண்டி. யாரோ டிரைவர் வந்து எடுத்தார்னு சொல்லிருங்க."

இருக்கிற செய்தியிலேயே பெரிய செய்தி, அதைச் சொல்லக்கூடாது! ஜெகதாம்பாள் பெரிய மனதோடு தலையை ஆட்டினாள். எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் மழை ஓய்ந்தது. ரேவதி போனில் வெங்கட்டின் அலறல். கம்பெனி பஸ் பாலத்தில் வரும்போது தன் கார் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டு, திருட்டுப் போய்விட்டது என்று நடுவழியில் இறங்கி, காரைக் கட்டிப்பிடிக்காத குறையாகக் காவல் நிற்கிறானாம். "திருடன் எலுமிச்சம்பழத்தைக்கூடக் கழட்டலடீ! திரும்ப வருவான். நீ போலீசுக்குச் சொல்லு!"

இருவரும் ஓடினார்கள். ரேவதி கூப்பிட்டாளோ இல்லையோ, ஜெகதாம்பாள் முன்னால் ஓடினாள்.

"டிரைவர் எடுத்தாருப்பா" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். "ஏதோ ஒரு... நல்ல டிரைவரு."

வெங்கட் மார்பில் கையை வைத்து நிம்மதியாகச் சிரித்தான். ரேவதி சாவியைப் போட்டுக் கதவைத் திறந்ததும், டிரைவர் சீட்டில் உட்காரப் போனான். முழங்கால் இரண்டும் ஸ்டீரிங்கில் இடித்தன. சீட்டு அந்த அளவுக்கு முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. கண்ணாடியில் அவனுக்குத் தன் கழுத்துதான் தெரிந்தது. அவன் ரேவதியின் உயரத்தைப் பார்த்தான். சேறு அப்பிய ஷூவைப் பார்த்தான்.

ஜெகதாம்பாள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

"சந்துலயிருந்து ரிவர்ஸா?" என்றான் வெங்கட்.

"ம்."

"கம்பம்?"

"படலைங்க."

அவன் இறங்கி, காரைச் சுற்றி நடந்தான். கதவு, பம்பர், கண்ணாடி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான். தொழிற்சாலையில் முடித்த வண்டியை அனுப்புவதற்கு முன் பார்க்கிற பார்வை. எங்கும் ஒரு கீறல் இல்லை. சீட்டை அவன் பின்னால் தள்ளவில்லை. இந்தப் பக்கம் சுற்றி வந்து இடது கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டான்.

"எங்க ஷாப்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்றான். முகத்தில் சிரிப்பு இருந்தது. "ஆவடிவரைக்கும் போய்ட்டு வருவோமா? அந்தப் பக்கம் ரோட்டுல தண்ணி இல்ல. நீ எடு, நான் பாக்குறேன்."

பின் சீட்டில் ஜெகதாம்பாள் யாரும் கூப்பிடாமலே ஏறியிருந்தாள். வண்டி நகர்ந்ததும் போனை எடுத்துக் குப்பம்மாவுக்குப் போட்டாள்.

"ஏன்டி குப்பம்மா, அன்னிக்கு வெள்ளானூர்ல அந்தக் காரப் பார்த்தியே, பக்கத்துல ஆம்பளைன்னியே. அந்த ஆள் எந்தப் பக்கத்து சீட்டுல, ஸ்டீரிங் யார் கையிலன்னு பார்த்தியாடி நீ?"

"அதெல்லாம் யாரு பாத்தா, அண்ணி?" என்றாள் குப்பம்மா.

"பாக்கலையா? நானும் கேக்கல" என்றாள் ஜெகதாம்பாள். "இப்ப சொல்றேன், கேட்டுக்க. நல்லா உக்காந்துகினு கேளு."