சராசரி உயரத்தில் ஒரு மேடை

சமையலறை அலமாரி விற்கும் கடைக்காரருக்கு, ‘சராசரி’ என்ற சொல் கைகொடுத்த மாதிரி பெற்ற பிள்ளைகூடக் கைகொடுத்ததில்லை. எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டால் சராசரி ஆயுள் சொல்வார். வேலை எப்போது முடியும் என்றால் சராசரி நாள் சொல்வார். கணக்குத் தெரிந்த மனுஷன் என்று கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அந்தச் சொல்லைச் சொல்லித்தான் தங்கை தலையிலும் ஒரு சரக்கைக் கட்டினார். தங்கை குள்ளம், மாப்பிள்ளை கொக்கு மாதிரி நெட்டை. இருவரும் வேலைக்குப் போய்வந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டு சேர்ந்தே சமைப்பார்கள். புது சமையல் மேடை யார் உயரத்துக்கு என்று சண்டை வந்தது. அவரவர் முழங்கையை அளந்து, ஒரு பக்கம் தாழ்த்தி மறுபக்கம் உயர்த்துவதுதான் முறை. கடைக்காரருக்கா தெரியாது? ஆனால் யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வேண்டாமென்று போன மேடை அலமாரிகள் கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. உயரம் இரண்டு பேருக்கும் நடுவில். “சராசரி எடுத்தாச்சு, இதவிட நியாயம் உண்டா?” என்று மாட்டிவிட்டார்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். தங்கை மரப்பலகைமேல் ஏறி நின்று, தோள் காதை இடிக்க, தனியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். குனியக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், மாப்பிள்ளை கூடத்தில் இடுப்பில் வெந்நீர்ப் பையோடு சாய்ந்திருந்தார்.

“வாங்க மச்சான். அவளுக்குத் தோள்ல வலி, எனக்கு இடுப்புல வலி. சராசரி பாத்தா வயித்துல வலிக்கணும், அங்க மட்டும் ஒண்ணுமில்ல” என்றார்.

கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

“அவரு கிடக்காருண்ணா” என்றாள் தங்கை. “பக்கத்து வீட்டுல கூட மேடை ஏன் இப்படின்னு கேட்டாங்க. எங்கண்ணன் எங்க ரெண்டு பேரையும் மனசுல வெச்சுக் கணக்குப் போட்டதுன்னு சொன்னேன்.”

அன்று அவர் மனசில் இருந்தது கிடங்கு மட்டும்தான். சாப்பிட உட்கார்ந்தார். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு, அப்பளம் பொரிக்க மறுபடி பலகைமேல் ஏறியிருந்த தங்கையிடம் போய், சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

“கைய மடக்கு.”

“எதுக்கு?”

“அது உங்களுக்காகச் செஞ்சதில்லம்மா. கிடங்குல கிடந்த சரக்கு. தள்ளிவிட்டுட்டேன்.”

தங்கை பலகையிலிருந்து இறங்கினாள். அதைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். முழங்கையை மடக்கி நீட்டினாள், அண்ணன் முகத்தைப் பார்க்காமல்.

“அவரையும் அளந்துக்க” என்றாள். “தனியா.”