சிவப்பு வயர்

"அமத்துங்கோ," என்றாள் பவதாரணி.

மகேஸ்வரன் வயர்முனையை நெரிக்கும் குறட்டை இரண்டு கையாலும் அழுத்தினான். அவள் வயரை இழுத்துப் பார்த்தாள். "ம். இனிக் கழலாது."

பிக்கப்பின் முன் இருக்கையைச் சாய்த்து, தலையணைகளுக்கு நடுவே அவளை இருத்தியிருந்தான். ஈரலில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அயல்வீட்டு பிரிகிட்டே தன் குதிரையை மறுநாள் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். அவளுடைய இந்தப் பிக்கப்பில், கனத்த ட்ரெய்லருக்கான பிரேக் கொன்ட்ரோலர் பூட்டித் தருவதாக பவதாரணி சொல்லியிருந்தாள். முன்னால் பிரேக் மிதிக்கும்போது ட்ரெய்லரின் சில்லுகளும் சேர்ந்து பிடிக்க மின்சாரம் அனுப்பும் சின்னப் பெட்டி அது.

சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில் ஒரு கராஜின் நிலத்தைக் கூட்டித் துடைக்கத்தான் அவள் முதலில் போனாள். முப்பத்தாறு வயதில், பதினாறு வயதுப் பெடியங்களோடு ஒரே வாங்கில் இருந்து வாகன மின்வேலை படித்தாள். உணவகச் சமையலறையில் வேலை செய்யும் அவள் கணவன் மகேஸ்வரனுக்கு பியூஸ் மாற்றவும் தெரியாது. இருளுக்குள் கையை விட்டு, பாராமலே சரியான வயரைப் பிடித்து இழுக்கும் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும் அவனுக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

"திறப்பைப் போடுங்கோ. பிரேக்கில கால் வைக்காதேங்கோ."

அவன் திறப்பைத் திருகினான். பெட்டியில் விளக்கு எரிந்தது.

"எரியுது!" என்றான்.

அவள் கண்களை மூடினாள். "பிழை. கால் வைக்காமல் எரியக்கூடாது. சிவப்பு வயரை பிரேக் சுவிச்சின்ர மற்றப் பக்கம் குடுத்திட்டன்."

"கராஜில ஆரையும் கூப்பிட்டு மாத்துவிப்பம். நீர் வந்து படுத்திரும்."

"பின்சில்லு பிடிச்சபடியே ஓடும். சூடேறினால் பள்ளத்தில பிறகு பிடியாது. உள்ளுக்குக் குதிரையெல்லோ நிக்கும்." சற்று மூச்சு வாங்கினாள். "நான் விட்ட பிழை. என்னைக் கீழ படுக்க விடுங்கோ."

வெட்கமோ கோபமோ இல்லாமல், மழை தூறுகிறது என்பதுபோல அதைச் சொன்னாள். கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாக்கப் படுக்கவைத்தான். ஒரு கையால் டோர்ச்சைப் பிடித்தான், மறு கையைத் தலைக்கு அணையாகக் கொடுத்தான். அவள் சிவப்பு வயரைத் தடவிப் பிடித்துக் கழற்றினாள். இடையில் களைத்துக் கண்ணயர்ந்தாள். அவன் அசையாமல் இருந்தான். விழித்ததும், விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

மறுபடி திறப்பைப் போட்டபோது விளக்கு எரியவில்லை. பிரேக்கை மிதித்தான், எரிந்தது. பின்னால் ட்ரெய்லரின் சில்லுகள் மெல்ல இரைந்தன.

"கேக்குதோ?" என்றாள் பவதாரணி. "பிடிக்குது."

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். தேத்தண்ணி கேட்டாள். இரண்டு மிடறு குடித்துவிட்டு அவன் கையைப் பிடித்தபடி உறங்கினாள். பொழுது சாயும் நேரம் மூச்சு இடைவெளி விட்டு வந்தது. பிறகு வரவில்லை.

காலையில் பிரிகிட்டே வந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் கழற்றிக் குவித்திருந்த சப்பாத்துகளைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வேறு வாகனம் பார்ப்பதாக ஏதோ சொன்னாள்.

"இல்லை. அவ முடிச்சுத்தான் வச்சவ," என்றான் மகேஸ்வரன், தனக்குத் தெரிந்த ஜெர்மனில். "நல்லாப் பிடிக்கும். கொண்டு போங்கோ."

திறப்பைக் கொடுத்துவிட்டு, வீதிவரை கூடவே நடந்தான். பிக்கப் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கியது. கீழே சிவப்பு விளக்கு. பிக்கப் நின்றது. பின்னால் ட்ரெய்லர் உந்தவில்லை, ஆடவில்லை. அதுவும் நேராக நின்றது. பச்சை விழுந்ததும் இரண்டும் சேர்ந்து திரும்பி மறைந்தன.

பவதாரணியின் தங்கை யாதவி வாசலில் நின்று கூப்பிட்டாள். "அத்தான், ஐயர் வந்திட்டார்."

"ஓம், வாறன்," என்றான்.

சந்தியில் ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவன் அங்கேயே நின்றான்.