ஒன்பதாவது கட்டம்

நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் சமையலறையிலிருந்து கழிவறைக்குப் பதினோரு அடி. வீடு கட்டிய மேஸ்திரி அளந்து சொன்னது. அன்று காலை அந்த வழியில் இரண்டு பஸ் நிறுத்தம் வந்திருந்தது. முதல் நிறுத்தத்தில் டீக்கடையும் போட்டிருந்தார்கள்.

நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருக்க முடிந்தால் ஏன் ஓடுகிறேன்? கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஓட ஓடக் கழிவறைக் கதவு சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில் தீப்பெட்டி அளவுக்கு ஆனது.

இரண்டாவது நிறுத்தத்தில் எதிர்வீட்டு கோகிலா நின்றிருந்தாள். போன ஆடியில் குழாயாக மாறிவிட்டாள். நல்ல மனுஷி. என்னைக் கண்டால் பேசாமல் விடமாட்டாள். பேச்சு சொட்டுச் சொட்டாக வரும்.

"எங்கே தில்லைநாயகி, இவ்வளவு அவசரமா?"

மூன்றாவது சொட்டில் எல்லாம் முடிந்தது. நின்றேன். இனி ஓட வேண்டியதில்லை.

பீரோவைத் திறந்து மாற்றுச்சேலை எடுத்தேன். கறுப்பு, கருநீலம், காப்பிப்பொடி நிறம். ஈரம் காட்டாத நிறங்களாகத்தான் வாங்குவேன்.

பகல் தபாலில் கடிதம் வந்தது. அனுப்பியது அவசரத் துறை. என் மகள் சங்கமித்ராவின் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு வாரம். பெண்ணின் தாய் ஒன்றரை மணி நேரம் மேடையை விட்டு எழக் கூடாது. தாரை வார்க்கும்போது சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்குரிய தகுதிச் சான்றை நேரில் வந்து பெறவும்.

குழம்புக்குத் தண்ணீர் ஊற்றும்போதே அந்தச் சத்தம் கேட்காமலிருக்க ரேடியோவை அலறவிடுபவள் நான். தாரை வார்க்கச் சித்தி நிற்கட்டும் என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நிச்சயதார்த்தத்துலயும் கதவோரமா கடைசி நாற்காலி. மாப்பிள்ளையைப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லும்மா."

மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. அந்த நாற்காலியிலிருந்து பாத்ரூம் பக்கம், அவ்வளவுதான். அதைச் சொல்வதற்குப் பதிலாகக் கடிதத்தை நீட்டினேன். படித்தாள். மறுபடி படித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றாள்.

அலுவலகத்தில் ஏழாவது ஜன்னலில் நர்ஸ் பிலோமினா சிஸ்டர் இருந்தார். என் சிறுநீர்ப்பை எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. மடியில் கைப்பை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

படிவத்தைச் சங்கமித்ரா நிரப்பினாள். இருமினால்? ஆமாம். தும்மினால்? ஆமாம். சிரித்தால்? சிரிப்பதை விட்டுவிட்டேன் என்றேன். ஒரு கணம் நிறுத்திவிட்டு அதையும் எழுதினாள். ஒன்பதாவது கட்டம்: எப்போதிலிருந்து?

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவள் பேனா காத்திருந்தது. நான் மின்விசிறியையே பார்த்தேன்.

தாலி கட்டுவதற்குள் நிரப்பிக் கொடுத்தால் போதும் என்றார் சிஸ்டர். "தண்ணி குடிக்கிறீங்களா?"

"இல்லை. குடிச்சாத்தானே வரும்."

சிஸ்டர் சிவப்பு மையால் கோடு போட்டார். குடிக்காமல் விட்டால் உள்ளே இருப்பது கெட்டியாகி இன்னும் உறுத்தும் என்றார். உடனே என் சிறுநீர்ப்பை எழுந்து நின்று சாட்சி சொன்னது.

"கிளம்பும்போது ஒருதரம், போய்ச் சேர்ந்ததும் ஒருதரம். நிறையறதுக்குள்ள கிளப்பிவிடுது சிஸ்டர் இந்தம்மா. நிறைஞ்சா எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு."

மன்னிப்புக் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னது.

எனக்குள் ஒரு லிஃப்ட் இருக்கிறதாம். லிஃப்ட்மேன் வெகுகாலமாகத் தூங்குகிறாராம். வருவதை அடக்குவதுபோல் கீழிருந்து இறுக்கி, மூன்றாவது மாடி வரை ஏற்றி, ஐந்து எண்ணி, மாடி மாடியாக இறக்க வேண்டும். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. ஐந்து டம்ளர் காபி இரண்டாகக் குறைய வேண்டும்.

"ஓடினா வழி நீளும். அவசரம் வந்தா அங்கேயே நில்லுங்க. லிஃப்டை நாலு தரம் வேகமா ஏத்துங்க. அது உங்களைத் தாண்டிப் போயிடும். அப்புறம் மெதுவா நடங்க."

இத்தனை நாள் இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க யார்கிட்ட கேட்டீங்க?" என்றார் சிஸ்டர்.

மூன்று வாரம் லிஃப்ட்மேன் அசையவில்லை. நான்காவது வாரம் உள்ளேயிருந்து, "யாரது?" என்றார். ஆறாவது வாரம் ஒரு பஸ் நிறுத்தத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஒன்பதாவது வாரம் டீக்கடை காலி. கடைக்காரர் சொல்லிக்கொண்டுதான் போனார். கல்யாணத்துக்கு முதல் நாள் கழிவறை வழியை டேப் வைத்து அளந்தேன். பதினான்கு அடி. இன்னும் மூன்று அடி குறைய வேண்டும்.

முகூர்த்தத்துக்குச் சங்கமித்ரா எனக்கு எடுத்த பட்டு, சந்தன நிறம். ஒரு சொட்டு பட்டாலும் மண்டபத்துக்கே தெரியும். கட்டிக்கொண்டேன்.

முன்வரிசையில் கோகிலா ஜரிகைச் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தாள். என் கணவர் கையில் மகளின் கை. ஐயர் தலையசைத்தார். சொம்பைச் சாய்த்தேன்.

தண்ணீர் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. மேடை நனைந்தது. படி நனைந்தது. சாப்பாட்டுக்கூடம் வரை போனது. மேடையிலிருந்து ஒரு வழி புறப்பட்டு நீள ஆரம்பித்தது. நாற்காலிகளுக்கு நடுவே பஸ் நிறுத்தம் முளைத்தது. கண்டக்டர் எனக்காக விசில் ஊதினார்.

நான் எழவில்லை. லிஃப்டை ஏற்றினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. லிஃப்ட்மேன் புதுச் சட்டை போட்டிருந்தார். அவசரம் என் தோளை உரசிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறியது. பஸ் புறப்பட்டது. சொம்பு காலியானது.

முன்வரிசையில் கோகிலா தும்மினாள். நாலு பேர் நனைந்தார்கள். நான் சிரித்துவிட்டேன். சந்தனப் பட்டு உலர்ந்தே இருந்தது.

மேளக்காரர்களுக்கு நடுவிலிருந்து பிலோமினா சிஸ்டர் எழுந்து வந்தார். கைகாட்டிக் கெட்டிமேளத்தை நிறுத்தினார். படிவத்தை நீட்டினார். ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி காத்திருந்தார். முன்னூறு பேர் காத்திருந்தார்கள். சங்கமித்ரா மருதாணிக் கையால் பேனாவை வாங்கிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"எப்பலேர்ந்தும்மா?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இருபத்தாறு வருஷம்டி. நீ பிறந்த அன்னைக்குக் காலையிலேர்ந்து."