முகத்தைப் பார்த்துத் தூக்கிய கை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்று காலையிலிருந்தே கை ஓடவில்லை. ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டும்போது ஒரு திருகைக் கீழே குழிக்குள் போட்டுவிட்டான். கூட வேலை பார்க்கிறவன் சிரித்தான். "உங்க மாமனார் ஃபுட்பால் கிளப்ப மேல ஏத்தணும்னு பாக்கறார், நீங்களோ லிஃப்ட்காரர். ஆனா உங்க கிளப் மட்டும் அதே மாடியில நிக்குதே!" வேறு நாளாக இருந்தால் மெக்கானிக்கும் சிரித்திருப்பான். ஆனால் அன்று சாயங்காலம் கிளப் கமிட்டி கூட்டம் இருந்தது. அவன் மாமனாரைக் கோச்சாக வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யும் கூட்டம்.

அவன் அந்தக் கிளப்பின் கேப்டன். பின்வரிசையில் நடுவில் நிற்பவன். பள்ளிக்கூடத்துப் பையனாக மைதானத்துக்கு வந்தவனைப் பந்தைத் தொட வைத்ததும் அந்த மாமனார்தான், பிற்பாடு தன் பெண்ணையே கொடுத்ததும் அவர்தான். மைதானத்தில் இருந்தால் "டேய்". வீட்டு வாசல்படி ஏறினால் "வாங்க மாப்ள, உக்காருங்க". பத்து நிமிடத்துக்கு முன்னால் காது கூசத் திட்டிய அதே வாய்தான்.

விஷயம் கடைசி ஆட்டத்தில் கெட்டது. மேல் டிவிஷனுக்கு ஏற அவர்களுக்கு டிரா போதும். பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆளுக்கொரு கோலோடு ஆட்டம் முடியப் போகிற நேரம், கோட்டோரம் நின்ற கோச் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார். அந்தக் கிளப்பில் அதற்கு ஒரே அர்த்தம்: எல்லோரும் முன்னால் ஏறு, பின்னால் ஒருத்தனும் நிற்காதே. தொப்பி கழன்றால் ஏன் என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. கேப்டனுக்கு ஒரு நொடி கால் தயங்கியது. மாமா ஏதோ மனசில் வைத்திருக்கிறார் என்று அவனும் ஓடினான். பந்து பறிபோனது. எதிரணிக்காரன் ஒருத்தன் ஆளில்லாத பாதி மைதானத்தைத் தனியாகக் கடந்துபோய்க் கோல் போட்டான்.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கோச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "ஒரே ஒரு கோல்டா. டிராவ வெச்சுக்கிட்டு நாக்கு வழிக்கறதா? ஜெயிச்சாத்தான ஏற முடியும்?"

மற்றவர்கள் அதைக் கோபத்தில் வந்த பேச்சு என்று விட்டுவிட்டார்கள். கேப்டனால் மட்டும் விட முடியவில்லை. ஜெயித்தால்தான் ஏற முடியும் என்ற நிலைமை போன வருடத்தினுடையது. மாமா போன வருடத்துக் கடைசி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்.

யாரிடம் சொல்ல? அத்தையிடம்தான் போனான். அவள் ஆச்சரியப்படவில்லை. சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாமல் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுகிறார். கடைக்குப் போனவர் திரும்பி வர வழி தெரியாமல் சொந்தத் தெருமுனையிலேயே நிற்கிறார். டாக்டர் என்று பேச்செடுத்தால் தட்டு பறக்கிறது.

"அடுத்த வருஷமும் அவரை அங்க நிக்க வெச்சா, ஊரே பாத்துச் சிரிக்கும் மாப்ள. கோச் தப்பு பண்ணிட்டார்னு போகட்டும். புத்தி போயிடுச்சுன்னு போக வேணாம்."

"அதுக்கு நான் என்ன அத்தை பண்றது?"

"கூட்டத்துல உங்களுக்கு ஒரு கை இருக்கில்ல. வேற யார் அவருக்கு எதிரா தூக்கினாலும் சண்டை போட்டு நிப்பாரு. நீங்க தூக்கினா எழுந்து போயிடுவாரு." அவள் துணியை முறுக்கிப் பிழிந்தாள். "இதை அவகிட்டகூடச் சொல்லாதீங்க. அவளுக்குத் தெரிஞ்சா, அழுதே ஊரைக் கூட்டிடுவா."

அவள் என்றால் அத்தையின் மகள், அவன் மனைவி. அவன் சரி என்று தலையாட்டினான். அந்த ஒரு தலையாட்டலை வாழ்நாள் முழுக்கச் சுமக்கப் போகிறோம் என்று அப்போது தெரியவில்லை, பாவம்.

கிளப் கமிட்டி என்பது ஒரு தனி ஜாதி. ஜெயித்தால் போட்டோவில் முன்வரிசை, தோற்றால் கோச்சின் முதுகுப் பக்கம். ஆனால் இந்தக் கிளப்பில் முதுகுப் பக்கம் நிற்க முடியாதபடி ஒரு வழக்கம் இருந்தது. யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்த ஆள் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டாம் என்கிறவன் அவர் முகத்தைப் பார்த்துக் கை தூக்க வேண்டும். இதைக் கொண்டுவந்ததும் இந்த மாமனார்தான். அவர் கேப்டனாக இருந்த காலத்தில் அப்போதைய கோச்சைக் காதும் காதும் வைத்த மாதிரி அனுப்பிவிட்டார்கள் என்று கொதித்துப்போய், "ஆம்பளையா இருந்தா மூஞ்சியப் பாத்துத் தூக்குங்கடா" என்று மேஜையைத் தட்டி வாங்கிய வழக்கம்.

தைல வாடை அடிக்கும் அந்த அறைக்கு வெளியே, கூட்டத்துக்கு முன்னால், அவர் கேப்டனின் தோளில் கை போட்டார். "மூணு பேர் நம்ம பக்கம், மூணு பேர் அந்தப் பக்கம். மிச்சம் உன் கைதான். கவலையே இல்ல." கேட்கக்கூட இல்லை. சொந்தச் சட்டைப்பையைத் தட்டிப் பார்க்கிறவர் போலச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கமிட்டியில் இருந்த பல் டாக்டர் ஆரம்பித்தார். "டிரா போதும்ங்கறப்ப எதுக்கு எல்லாரையும் ஏத்தினீங்க? ஏதாவது காரணம் இருக்கும்ல, அதைச் சொல்லுங்க. நாங்க கேட்டுக்கறோம்."

டைல்ஸ் கடைக்காரர் குறுக்கே பாய்ந்தார். "துணிஞ்சு ஆடினார் சார்! உங்களுக்குப் பல்லைப் பிடுங்கத்தான் தெரியும்."

எல்லோரும் கோச்சைப் பார்த்தார்கள். அவர் மடியில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பித் தடவினார். டிரா போதும் என்பதை அதற்குள் எத்தனையோ பேர் அவர் காதில் போட்டிருப்பார்கள். "ஜெயிக்கணும்னு ஆடறதுதான் ஆட்டம்" என்றார். டைல்ஸ் கடைக்காரர் கை தட்டினார். கேப்டன் மாமாவின் கண்ணைப் பார்த்தான். அந்தக் கண்ணில் வீரம் எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. தனக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. சிங்கம் மாதிரி இருந்த மனுஷன் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். உண்மையைச் சொன்னால் இந்த அறையே அவருக்காக உச்சுக்கொட்டும். அதை அவர் தாங்கமாட்டார்.

மூன்று கைகள் எழுந்தன. மூன்று எழவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கேப்டன்?" என்றார்.

அவன் மாமாவின் முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

டைல்ஸ் கடைக்காரர் "அடப்பாவி" என்றது எல்லோருக்கும் கேட்டது. கோச் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எழுந்தார். போய்ப் பந்துகள் போட்டு வைக்கும் அறையின் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே பார்த்து நின்றார். பிறகு அதை மூடிவிட்டு, சரியான கதவைத் தேடி வெளியே போனார். கோபத்தில் கண் தெரியவில்லை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி அவன் முகத்தில் விழிக்கவில்லை. "எங்கப்பா கையைப் பிடிச்சு நடை பழகின கால் உன்னோடது" என்று ஒரு நாள் சொன்னாள், அவ்வளவுதான். அவனும் அத்தைக்குக் கொடுத்த வாக்கை மென்று முழுங்கிக்கொண்டு லிஃப்ட் குழிகளில் இறங்கி ஏறினான். புது கோச் வந்தார். கிளப் அந்த வருடமும் ஏறவில்லை.

அத்தை மூடி மறைக்க நினைத்ததும் நடக்கவில்லை. ஒரு மத்தியானம் மாமா பஸ் நிலையத்தில் நின்று, தொப்பியைக் கழற்றிக் காட்டி, போகிற வருகிறவர்களையெல்லாம் முன்னால் ஏறச் சொல்லிக் கத்தினார். ஊருக்கே தெரிந்துபோனது. அதன் பிறகுதான் மனைவிக்கும் எல்லாம் புரிந்தது. மன்னிப்பு கேட்கிறேன் என்று வந்து, பாதியில் அழுது, எழுந்து போய்விட்டாள். மாமாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டுக் கேட்டாள். "தினமும் போய்ச் செய்யற மாதிரி ஏதாவது வேலை வெச்சிருந்தாரா? அதை மட்டும் விடாம இருந்திருந்தா, அது நோயை இன்னும் கொஞ்ச நாள் பிடிச்சு நிறுத்தியிருக்கும்."

அத்தை கேப்டனைப் பார்க்கவில்லை. கேப்டனும் அத்தையைப் பார்க்கவில்லை. இருவரும் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்தார்கள்.

பிறகு மாமாவிடமிருந்து ஒவ்வொன்றாகப் போயின. தெரு போனது, மகள் பெயர் போனது, பந்தை மடியில் வைத்தால் என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தார். கேப்டன் வேலை முடிந்து தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவான்.

ஒரு சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் அவனைப் பார்த்ததும், "வாங்க, உக்காருங்க" என்றார். அவனுக்கு நெஞ்சு துள்ளியது. மாமா தேறிவிட்டார் என்றே நினைத்தான்.

"தம்பி எங்க வேலை பாக்கறீங்க?"

துள்ளிய நெஞ்சு அப்படியே கிடந்தது. "லிஃப்ட் மெக்கானிக்குங்க."

"கையெல்லாம் கிரீஸா இருக்கே. நல்ல உழைப்பாளி." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒரு மாப்பிள்ளை இருந்தான். புள்ள மாதிரி வளத்தேன். எல்லார் முன்னாடியும் என் மூஞ்சியப் பாத்து எனக்கு எதிரா கையைத் தூக்கினான் தம்பி. எதுக்குத் தூக்கினான்னுதான் தெரியல. தினமும் யோசிக்கறேன், பிடிபட மாட்டேங்குது."

உள்ளே அத்தை பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது.

"நீங்களா இருந்தா தூக்கியிருப்பீங்களா?"

அவன் கிரீஸ் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். "மாட்டேங்க" என்றான்.

"தெரியும்" என்றார் அவர், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு. "உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."