தலையசைப்பு

"அதத் தொடாதீங்க," என்றாள் லோகேஸ்வரி.

சவப்பெட்டிக்கு இடம் வேண்டுமென்று ஜன்னலோர மேசையை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பரமேஸ்வரன் மேசைமேல் கிடந்த ஹெட்போனின் வயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்.

"குறுக்கால கெடக்கு அண்ணி."

"மேசைய நகர்த்துங்க. வயரப் பிடுங்காதீங்க."

அவள் கணவர் இராமலிங்கம் நேற்று மாலை அந்த மேசையருகே நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்துபோனார். உடலை அறைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். டாக்டர், போலீஸ், பந்தல், வேன் என்று இரவெல்லாம் அலைந்தவர் அவர் தம்பி பரமேஸ்வரன்தான். விடிந்ததும் குளித்து வெள்ளை வேட்டி கட்டிவிட்டார். கொள்ளி தான் வைப்பதாக ஐயரிடமும் சொல்லிவிட்டார்.

"குகன் வந்துக்கிட்டிருக்கான். கோத்தா கினபாலுல மொத பிளைட்டப் புடிச்சிட்டான்," என்றாள் லோகேஸ்வரி.

"வரட்டும். மொகத்தப் பாக்கட்டும். நான் வேணாங்கல."

"பெத்த புள்ள இருக்கையில நீங்க எதுக்குக் கொள்ளி வைக்கணும்?"

"நானா சொல்றேன்? அண்ணன் சொன்னது. பிரிக்பீல்ட்ஸ் கடையில, சாப்பாட்டு எல போட்டாச்சு, சாப்பிடாம என் கையப் புடிச்சிக்கிட்டாரு. செத்தாலும் அவன் கொள்ளி எனக்கு வேணாம், நீ வையின்னாரு. நான் சரின்னு சொல்லிட்டேன் அண்ணி. அத எப்படி மாத்துறது?"

குகன் வீட்டில் சொல்லாமல் ஒரு சீனப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட வாரம் அது. பிறகு இராமலிங்கம் மகனோடு பேசவேயில்லை.

"அது அப்ப. நேத்து வேற சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"தீபாவளிக்கு குகன வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன். சரின்னாரு."

"வாயால சொன்னாரா?"

"தலைய ஆட்டினாரு."

பரமேஸ்வரன் கையிலிருந்த ஹெட்போனைப் பார்த்தார்.

"இதப் போட்டுக்கிட்டா?"

அவள் மேசைமேல் கிடந்த வயரை நேராக்கினாள்.

இராமலிங்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் வேலை பாட்டுக் கேட்பதுதான். பக்கத்து வீட்டில் சத்தத்துக்குச் சண்டை வந்ததும் ஹெட்போன் வாங்கினார். ஆனால் அரை மணி நேரத்துக்குமேல் முடியாது. தலை வலிக்கும். கழற்றி வைத்துவிட்டு நெற்றியில் தைலம் தேய்த்தபடி டீ கேட்பார். டீ ஆறும்வரை பேச்சிருக்கும். கேஸ் தீர்ந்தது, குழாய் ஒழுகுவது, கிள்ளானில் யார் கடையை மூடினார்கள் என்பது.

அதைக் கெடுத்தது பரமேஸ்வரனின் மகள் குமுதா. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி ஒன்றைக் கொண்டுவந்து, பாட்டுப் பெட்டிக்கும் ஹெட்போனுக்கும் நடுவே மாட்டினாள்.

"பழைய பாட்டுல கொரல் ஒரு காதுல, வயலின் இன்னொரு காதுல பெரிப்பா. ஸ்பீக்கர்ல கேட்டா ரெண்டும் ரெண்டு காதுக்கும் வரும்லா. ஹெட்போன்ல வராது. அதான் தலைவலி. இது கிராஸ்ஃபீட். இந்தப் பக்கத்துச் சத்தத்தக் கொஞ்சம் அந்தப் பக்கம் கலந்து விடும்."

தலைவலி நின்றது. அவர் ஹெட்போனைக் கழற்றுவதும் நின்றது. காலையில் மாட்டினால் சோற்றுக்குத்தான் இறங்கும். லோகேஸ்வரி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எதிரே போய்க் கையை ஆட்ட வேண்டும். தலைவலியாவது மனிதரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

நேற்று அவள் கையை ஆட்டவில்லை. தௌகே முளைப்பயற்றை ஆய்ந்துகொண்டே கேட்டாள். தலை அசைந்தது. அப்படியே அடுப்படிக்குப் போய்க் குகனைப் போனில் அழைத்து, "அப்பா சரின்னுட்டாரு," என்றாள். குகன் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் உயிர் போயிருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி," என்றார் பரமேஸ்வரன். "அண்ணன் பாட்டுக்குத் தலையாட்டுறவரு. இல்லாட்டி அந்த நேரத்துலதான் தலை…"

நிறுத்திக்கொண்டார். வெளியே லோரியிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

லோகேஸ்வரி அவர் கையிலிருந்து ஹெட்போனை வாங்கினாள். மேசையின் மறுமுனையைப் பிடித்திருந்த குமுதாவிடம் திரும்பினாள்.

"குமுதா, நேத்து ஓடுன பாட்டப் போடு."

"இப்ப வேணாம் பெரிம்மா."

"போடுன்னா போடு. சத்தத்தக் கூட்டாத, கொறைக்காத. போட்டுட்டு அந்த ஸ்டூல்ல உக்காந்து எதையாவது கேளு. சாதாரணமாக் கேளு."

நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். காதுப் பஞ்சில் தைல வாடை. இதுவரை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. மண்டைக்குள் குடையும் என்று நினைத்திருந்தாள். குடையவில்லை. பாடுகிறவர் எதிரே சாமி மேடைக்குப் பக்கத்தில் நின்று பாடுவதுபோல் இருந்தது. வயலின்கள் ஓரத்தில், தபலா கொஞ்சம் தள்ளி. எந்தத் தொந்தரவும் இல்லை. நாள் முழுக்க இப்படியே உட்கார்ந்திருக்கலாம். அது தெரிந்ததும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

குமுதாவின் வாய் அசைந்தது. பாட்டுத்தான் கேட்டது. மறுபடியும் அசைந்தது. பிறகு பரமேஸ்வரன் முன்னால் வந்து குனிந்து ஏதோ சொல்லிவிட்டுக் காத்து நின்றார்.

லோகேஸ்வரி ஹெட்போனைக் கழற்றினாள்.

"கேக்குது."

"நான் என்ன கேட்டேன்?"

அவள் குமுதாவைப் பார்த்தாள். குமுதா தரையைப் பார்த்தாள்.

"குகன் எங்க வந்துட்டான்னு கேட்டீங்க."

மடியில் ஹெட்போன் கொசுபோல் பாடிக்கொண்டிருந்தது.

"அதானப்பா கேட்டீங்க," என்றாள் குமுதா.

பரமேஸ்வரன் மகளைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். வெளியே போனார். நாற்காலிகளை வெயிலில் போட்டதற்காக யாரையோ அவர் திட்டுவது கேட்டது.

"பெரிம்மா," என்று குமுதா குரலைத் தாழ்த்தினாள். "நேத்துலேர்ந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டாரு."

"பாட்ட நிறுத்து," என்றாள் லோகேஸ்வரி.

குகன் வந்தபோது சவப்பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. ஜீன்சும் தோள்பையுமாக வாசலில் நின்றான். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. பரமேஸ்வரன்தான் பந்தலிலிருந்து எழுந்து போனார். ஒரு புது வேட்டியை அவன் கையில் வைத்தார்.

"பின்னால போய்க் குளி."

அவன் குளித்துவிட்டு வேட்டியைத் துண்டுபோல் இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தான். இரண்டடி வைப்பதற்குள் நழுவியது. லோகேஸ்வரி அடுப்படி நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படியாடா கட்டுவாங்க? கையத் தூக்கு."

பரமேஸ்வரன் அவிழ்த்து, மடித்து, இறுக்கிக் கட்டினார். இழுத்த இழுப்பில் குகன் ஓரடி முன்னால் வந்தான்.

"வலிக்குது சித்தப்பா."

"வலிக்கட்டும்."

முடிச்சு நிற்கவில்லை. இன்னொரு முறை கட்டினார். பிறகு தன் வேட்டிமேல் போட்டிருந்த பெல்ட்டைக் கழற்றி அவன் இடுப்பைச் சுற்றிப் போட்டு, கடைசி ஓட்டையில் மாட்டினார். நழுவத் தொடங்கிய தன் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஐயரைக் கூப்பிட வாசலுக்குப் போனார்.